பிரகாசி மெத்தை

நீ எந்திரிக்காத மவளே, உக்காரு. அவனுக்கு சீட்டு வேண்டாம். பஸ்ஸே காலியாக் கெடந்தாலும் அவன் உக்கார மாட்டான். அந்தா, படிக்குப் பக்கத்துல கம்பியப் பிடிச்சிட்டு நிக்காம்லா பச்சைச் சட்டை, அவந்தான் எம்மவன் கிளாட்வின். திருநெல்வேலியில இருந்து நின்னுகிட்டேதான் வாரான். கண்டக்டரு ரெண்டு மட்டம் சொல்லிட்டாரு, பின்னால சீட்டு கெடக்கு அண்ணாச்சி, போயி உக்காருங்கன்னு. உக்காந்தா இடுப்புல இருந்து கால் பெருவெரலு வரைக்கும் பழுக்கக் காய்ச்சின கம்பிய உள்ள விட்டு இழுக்கது மாதிரி இருக்காம். நின்னா கொஞ்சம் தேவலையாம். அவனுக்கு முன்னால பொம்பளையாளு சீட்டுல ஜன்னலப் பாத்துட்டு இருக்கால்லா, அவ எம்மருமவ ஜெசிந்தா. அவ பக்கத்துல எடம் இருக்கத்தான் செய்யுது. நாந்தான் வேண்டாம்னுட்டு இங்க உம் பக்கத்துல வந்து உக்காந்தேன்.

ஏன்னு கேக்க மாட்டியா? நீ கேக்காட்டாலும் நாஞ் சொல்லத்தான் போறேன். எங்க ஊரு வாரதுக்கு இன்னும் நேரம் கெடக்கு.

எம் பேரு பிரகாசி. ஆனா பனையந்துறையில எறங்கி பிரகாசி வீடு எதுன்னு கேட்டேன்னா எவனும் சொல்ல மாட்டான். மெத்தக்காரி வீடுன்னு கேளு, சின்னப் பிள்ளை கூட கையப் பிடிச்சிக் கூட்டியாந்து விட்டுரும். பெத்த மவன் முதுக மெத்தை தச்சே ஒடிச்சவ. அதுதான் ஊருல எனக்குள்ள பேரு. போன திருநாள்ல இருந்து இந்தத் தவசுகாலம் வரைக்கும் இந்தப் பேரோடதான் தண்ணி எடுக்கப் போறேன், பூசைக்குப் போறேன், மீனு வாங்கப் போறேன். அந்தப் பேர அழிச்சிட்டு வரணும்னுதான் இன்னைக்கு இவுக ரெண்டு பேரு பின்னாலயும் டாக்டருகிட்டப் போனேன். என்னைய யாரும் கூப்பிடல. நானாத்தான் பஸ்ஸுல ஏறினேன்.

மொதல்ல இருந்து சொல்லணும்னா சப்பரத்துல இருந்து சொல்லணும்.

எங்க ஊரு கோயிலு மிக்கேல் சம்மனசு கோயிலு, சம்மனசுன்னா தேவதூதரு. பத்தாந்திருநாளு சாயங்காலம் சம்மனசு சப்பரத்துல ஊரு சுத்தி வருவாரு. தேரு மாதிரி உருட்டிட்டுப் போற சப்பரம் இல்ல, தோளுல தூக்கணும். அடியில ரெண்டு பக்கமும் நீளமா மரம் போவும், அதுக்கு வாரைன்னு பேரு. வாரைக்கு அடியில ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தனா ஆம்பளையாளு நிப்பாவ. இதுல என்னன்னா, முன்ன நிக்கவன் தோளும் பின்ன நிக்கவன் தோளும் ஒரே மட்டமா இருக்கணும். ஒருத்தன் தோளு ரெண்டு வெரக்கடை ஒசந்து போச்சின்னா பாரம் பூரா அவன் மேல எறங்கிரும். மத்தவன் சும்மா வாரையத் தொட்டுக்கிட்டு ஊர்கோலம் போவான். அதுனால கொடியேத்தத்துக்கு முந்தியே எல்லாரையும் மணிக்கூண்டுச் சொவத்துல சாத்தி நிறுத்தி, தோளுக்கு நேரா சாக்பீசுல கோடு போடுவாவ. எங்க ஊருல எவனைக் கேட்டாலும் தான் எம்புட்டு ஒசரம்னு தெரியாது. தோளு எம்புட்டு ஒசரம்னு கேளு, டக்குனு சொல்லுவான். கோடு ஒண்ணா விழுந்தவன்தான் ஜோடி.

நெட்டை பவுலீன்னு ஒருத்தன் இருந்தான். நல்லா மின்கம்பம் மாதிரி. அவன் கோடு மட்டும் எல்லாருக்கும் மேல தனியா நிக்கும். ஜோடியே கெடையாது. வருசா வருசம் சொவத்துல வந்து நிப்பான், கோடு போடுவாவ, எல்லாரும் சிரிப்பாவ, வீட்டுக்குப் போயி சோறு திங்காமப் படுத்துக்கிடுவான். பொறவு பக்கத்து ஊருல பொண்ணு பாக்கப் போனான். அங்க பொண்ணுக்கு அண்ணங்காரன் காப்பி கொண்டாந்து குடுத்திருக்கான், அவனும் கம்பம். பொண்ணு உள்ள இருந்து வாரதுக்குள்ள இவன் சம்மதம்னுட்டான். மச்சினன் தோளப் பாத்துக் கலியாணம் கெட்டினவன் ஒலகத்துலயே எங்க ஊரு பவுலீன்தான். அந்த மச்சினனும் ரெண்டு திருநாளு வந்து தூக்கிட்டு துபாய்க்குப் போயிட்டான். கடைசியில பவுலீனுக்கு சப்பரத்துக்கு முன்னால கொடை பிடிக்கிற வேலைதான் குடுத்தாவ.

எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், ஜோடி.

எம்மவனுக்கு ஜோடி சில்வேஸ்டரு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூத்தவுக மவன், என்னைய சித்தின்னு கூப்பிடுவான். ரெண்டு பேரு கோடும் அச்சு ஒண்ணுதான். வயசும் ஒண்ணு. ஒரே வள்ளத்துலதான் தொழிலுக்குப் போறாவ. ஒரே வலையத்தான் ரெண்டு பேரும் இழுக்காவ. ஒரே அலைதான் ரெண்டு பேரையும் தூக்கித் தூக்கி அடிக்கி. ஒரே வாரைக்கு அடியில முன்னும் பின்னுமா நிக்காவ. சொல்லப்போனா எம்மவன் பீடி சிகரெட்டுத் தொடமாட்டான். சில்வேஸ்டரு வாயில பொகை இல்லாம நான் பாத்ததே இல்ல, கோயிலுக்குள்ள வாரப்ப மட்டும் காதுல சொருகி வச்சிருப்பான். அவன் முதுகு எப்படி இருக்குன்னு நெனைக்க? நேத்து கூட ஐஸ்பெட்டிய ஒத்தையாளாத் தூக்கி வள்ளத்துல வைக்கான். எம்மவன் கீழ விழுந்த செருப்ப எடுக்க முடியாம கால் வெரலால இழுத்து இழுத்து மாட்டுதான். எனக்கு எரிச்சலா வருமா வராதா நீயே சொல்லு.

எல்லாம் ஒண்ணா இருக்குல்லா? அப்ப எதுல வித்தியாசம்னு ஊரு தேடிச்சு. தேடிப் பாத்துட்டு எம் மெத்தையப் பிடிச்சிக்கிட்டு.

அந்த மெத்தைக் கதை என்னன்னா, மொத வருசம் எம்மவன் சப்பரம் தூக்கிட்டு வந்தப்ப தோளுல தோலு உரிஞ்சு, சட்டை ஒட்டிக்கிட்டு. சட்டையக் கழட்டுறதுக்குள்ள எனக்கு உசுரு போச்சு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு தோளுல வாரை பட்டுப் பட்டு எலுமிச்சங்காய் மாதிரி ஒரு முண்டே இருந்துச்சு, அதைத் தடவிப் பாத்துட்டுத்தான் தூங்குவாவ, அவுகளுக்கு அது பெருமை. எனக்குப் பெருமை இல்ல. எம்பிள்ளைக்கு முண்டு வரக்கூடாதுன்னு இலவம்பஞ்சு அடைச்சு, வெல்வெட்டுத் துணி போட்டு, தோளுக்குச் சரியா வளைச்சு ஒரு மெத்தை தச்சேன். சின்னப் பிள்ளைத் தலகாணி அளவு. ஒவ்வொரு திருநாளுக்கும் முந்தி பிரிச்சிப் பாப்பேன். பஞ்சு அமுங்கிப் போயிருக்கும். பழசு இருக்கட்டும்னு மேல கொஞ்சம் புதுசு வச்சு திரும்பத் தச்சிருவேன். சில்வேஸ்டரு தோளுல என்ன இருக்கும்? ஒரு துண்டு. அவன் அம்மை பிலோமி, அதான் என் ஓர்ப்படியா, மவனுக்கு ஒரு பட்டன் தச்சிக் குடுத்தவ இல்ல. பிள்ளைக்கு எண்ணெய் தேச்சு விட்டவ இல்ல. இந்த வயசுலயும் ரெண்டு கொடம் தண்ணிய இடுப்புலயும் தலையிலயும் வச்சிக்கிட்டு கொடிமரம் மாதிரி நிமுந்து நடப்பா, பாக்கவே பத்திக்கிட்டு வரும். பாசம் இல்லாதவளுக்கு ஒரு வலியும் வராது போல.

ஏ டிரைவரு தம்பி, பள்ளத்தப் பாத்து விடுப்பா. பாத்தியா மவளே, அவன் மூஞ்சியப் பாத்தியா. பல்லக் கடிச்சிட்டு நிக்கான். இந்த ரோட்டுல ஒவ்வொரு பள்ளமும் எனக்கு இப்ப மனப்பாடம்.

போன திருநாளு முடிஞ்ச மறுநாள் காலம்பற, தண்ணித்தொட்டிப் பக்கத்துல குனிஞ்சு மூஞ்சி கழுவினான். தும்மல் வந்துச்சு. தும்முனான். அம்புட்டுதான். வெட்டின வாழை மாதிரி சாஞ்சிட்டான். தும்மினா முதுகு போவுமா? நானும் பிலோமியும் சண்டை போடுறப்ப தும்மாத தும்மலா. ஆனா ஊரு தும்மலப் பாக்கல, முந்தின நாளு சப்பரத்தைப் பாத்துச்சு. பிடிச்சு உக்கார வச்சு, ஒரு வாரம் ஒத்தடம் குடுத்து, ஒடிவு வைத்தியர் வந்து தேச்சு, பொறவு கால் மரத்துப்போச்சுன்னு ஸ்கேன் எடுத்தாவ. டிஸ்க்கு நழுவிட்டுன்னு சொல்லிட்டாவ. அன்னைக்கு சில்வேஸ்டரு வலைக் கொட்டாயில இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கான். கெட்ட மனசோட சொல்லல, அவன் அப்படிப்பட்டவன் இல்ல. சித்தி வச்ச மெத்தை ரெண்டு வெரக்கடை ஒசந்துட்டுல்லா, அதான் எனக்கு வரவேண்டிய பாரமும் அவன் மேல எறங்கிட்டு, எனக்கு இத்தனை வருசமா வாரை வெயிட்டே தெரியலன்னு சொல்லியிருக்கான்.

முடிஞ்சுது. அன்னையில இருந்து அது பிரகாசி மெத்தை. குழாயடியில நான் போயி நின்னா ஒருத்தி கேக்கா, என்னக்கா எனக்கும் ஒரு மெத்தை தச்சுத் தாயேன், எம் மாமியா தோளுல வைக்கணும்ங்கா. இன்னொருத்தி மவன் பள்ளிக்கூடத்துப் பையி கனமா இருக்குன்னு அழுதானாம், பேசாம இரு, பிரகாசி ஆச்சிகிட்டச் சொல்லி மெத்தை தச்சு வச்சிருவேன்னு மிரட்டியிருக்கா. சாமியாருகிட்டப் போயி, சாமி, பிரசங்கத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க, மெத்தையில குத்தம் இல்லன்னுன்னு கேட்டேன். அவரு சிரிச்சிட்டே, மிக்கேல் சம்மனசுக்கு அதைவிடப் பெரிய சண்டையெல்லாம் இருக்கும்மாங்காரு. நானும் விடல. தோளுல வச்ச மெத்தை ஒடிச்சா தோளத்தானே ஒடிக்கணும், இடுப்ப எப்படிய்யா ஒடிக்கும்னு ஊருக்கூட்டத்துலயே எந்திரிச்சுக் கேட்டேன். ஆனா பேரு போவல.

ஜெசிந்தா கதையக் கேளு. அவ ஒரு நாளும் வாயத் தெறந்து என்னையச் சொன்னதில்ல. சொல்லியிருந்தா நானும் நாலு சொல்லி ஆத்தியிருப்பேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? அந்த மெத்தைய எடுத்து நடுவீட்டுல, மாதா படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி அடிச்சுத் தொங்க விட்டுட்டா. வாரவுக போறவுக எல்லாம் படத்தைப் பாத்து சிலுவை போடுவாவ, அப்படியே கண்ண மெத்தைப் பக்கம் திருப்புவாவ, பொறவு என்னையப் பாப்பாவ. நான் ஒரு நாளு எடுத்து ஒளிச்சு வச்சேன். மறுநாளு அதே ஆணியில தொங்குது. ராத்திரி எம்மவன் வலியில முனங்குறப்ப அவ எந்திரிச்சு அவன் காலைப் பிடிச்சு விடுவா. நானும் எந்திரிச்சுப் போனா, நீங்க படுங்க மாமின்னு சொல்லிருவா. எங்கைய அவன் மேல படவிட மாட்டா. பெத்தவ கையி, மவளே.

அதான் இன்னைக்கு அந்த ஆணியில இருந்து மெத்தைய எடுத்து மஞ்சப் பையில போட்டுக்கிட்டு நானும் கெளம்பிட்டேன். பெரிய டாக்டரு, முதுகுக்கே படிச்சவரு. அவரு வாயால, இவ முன்னால, குத்தம் இல்லன்னு சொல்ல வைக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு. பொறவு நான் சாகுறதுக்கும் தயாரு.

டாக்டரு சின்ன வயசுதான். தங்கமான பிள்ளை. ஸ்கேன் படத்தை வெளக்குக்கு மேல மாட்டிக் காட்டினாரு. முதுகெலும்பு ஏணி மாதிரி நிக்கி. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல வட்டமா ஒண்ணு இருக்காம், அதுதான் டிஸ்க்காம். அவரு சொல்லச் சொல்ல எனக்கு நுங்குதான் ஞாபகம் வந்துச்சு. சுத்தி கெட்டித் தோலு, உள்ள வழுவழுன்னு தண்ணி. நல்லா இருக்க டிஸ்க்கு படத்துல வெள்ளையாத் தெரியுமாம். எம்மவனுக்கு மேல பூரா வெள்ளைதான். அடியில ரெண்டு கறுத்துக் கெடக்கு. அதுல ஒண்ணு பிதுங்கி நரம்பைப் போயி அமுக்குது.

அப்பதான் நான் பையத் தொறந்தேன். ஜெசிந்தா, மாமி வேண்டாம்னு கையப் பிடிச்சா. நான் விடுவேனா. மெத்தைய எடுத்து அவரு மேசையில வச்சு, சப்பரம், வாரை, சாக்பீஸ் கோடு எல்லாத்தையும் சொன்னேன். வெளிய ஆளுக காத்துக் கெடக்காவ. அந்தப் பிள்ளை பொறுமையாக் கேட்டுச்சு. மெத்தைய கட்டவெரலால அமுக்கிப் பாத்துச்சு. பொறவு சொன்னாரு.

"பாட்டிம்மா, இந்த மெத்தை உங்க மகனுக்கு ஒண்ணும் செய்யல. வருசத்துல ஒரு நாளு கொஞ்சம் பாரம் கூடினதால இப்படி ஆகாது."

நான் ஜெசிந்தாவத் திரும்பிப் பாத்தேன். இன்னொரு மட்டம் சொல்லுங்க டாக்டரே, இவளுக்குச் சரியாக் காது கேக்காதுன்னேன். அவரும் சிரிச்சிட்டே இன்னொரு மட்டம் சொன்னாரு. எனக்கு அப்படியே நெஞ்சுல இருந்து கல்ல எடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு. அப்பவே மெத்தையச் சுருட்டிட்டு எந்திரிச்சு வந்திருக்கணும், மவளே. வந்திருந்தா இன்னைக்கு நான் ராணி. எனக்குத்தான் வாயி சும்மா இருக்காதே. அப்போ எதுனால டாக்டரே இப்படி ஆச்சுன்னு கேட்டுட்டேன்.

அவரும் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. உடம்புல எல்லா எடத்துக்கும் ரத்தக்கொழாய் போவுதாம், பெரியாளான பொறவு இந்த டிஸ்க்குக்குள்ள மட்டும் போவாதாம். மேலயும் கீழயும் இருக்க எலும்புல இருந்து கசிஞ்சு வாரதுதான் அதுக்குச் சாப்பாடாம். சில பேருக்கு அந்தக் கசிவு சீக்கிரமே கொறஞ்சிருமாம். தண்ணியப் பிடிச்சு வைக்கிற சத்தும் சில பேருக்குப் பொறப்புலயே கம்மியாம். அப்ப உள்ள காஞ்சு, கடுத்த நுங்கு மாதிரி ஆயிருது. அடியில இருக்க ரெண்டுக்குத்தான் பாரம் கூட, அதுனால அது ரெண்டும் மொதல்ல போவுமாம். அப்ப பாரந்தானேன்னேன். பாரம் கொஞ்சந்தான், பொறப்புதான் பெருசுன்னாரு. வெளிநாட்டுல இரட்டைப் பிள்ளையளைப் பிடிச்சுப் பாத்தாவளாம். ஒருத்தன் ஆயுசு பூரா கடுசாப் பாடுபட்டவன், இன்னொருத்தன் நாற்காலியில உக்காந்தே காலத்தை ஓட்டினவன். படம் எடுத்தா ரெண்டு பேரு முதுகும் பெரும்பாலும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சாம். மூட்டை தூக்கினவனுக்குக் கூடவும் இல்ல, உக்காந்திருந்தவனுக்குக் கொறையவும் இல்ல. எங்க ஊருல இரட்டைப் பிள்ளைன்னா ரெண்டு பேருக்கும் ஒரே சட்டை தச்சுப் போட்டு மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாவ. அங்க என்னடான்னா முதுகப் படம் எடுத்துப் பாக்காவ.

அப்புறம் அவரு கேட்டாரு, கூடத் தூக்கினவரு உங்களுக்கு என்ன உறவுன்னு. பெரியப்பா மவன்னு எம்மவன் சொன்னான். அப்போ அப்பா பக்கம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அம்மாதான் வேறன்னாரு. சொல்லிட்டு எம் பக்கம் திரும்பினாரு.

"பாட்டிம்மா, உங்க பொறந்த வீட்டுல யாருக்காவது முதுகு, இடுப்பு, கால் வலி உண்டா?"

எனக்குக் கோவம் வந்துட்டு. எம் பொறந்த வீட்டைப் பத்தி என்ன நெனச்சாரு. எங்க வீட்டுல எல்லாரும் இரும்பு டாக்டரேன்னேன். எங்கப்பா சூசை ஒத்தையாளா கட்டுமரத்தைக் கடலுக்குத் தள்ளுவாரு. நாப்பது வயசுக்குப் பொறவு தரையப் பாத்துக் குனிஞ்சுதான் நடப்பாரு. அம்புட்டு அடக்கம். எதுக்க வாரவன் கால வச்சே இன்னாருன்னு சொல்லிருவாரு, மூஞ்சியப் பாக்கவே மாட்டாரு. எங்கண்ணன் கஸ்பாரு கடத்தொழில விட்டுட்டு டீக்கடை போட்டான். ஒரு நாளு உக்காந்து பாத்ததில்ல. சோறு திங்கிறதும் நின்னுகிட்டுத்தான், பேப்பர் படிக்கிறதும் நின்னுகிட்டுத்தான், அப்படிச் சுறுசுறுப்பு. என் தங்கச்சி மோனிக்கா இருக்காளே, கோயில்ல எல்லாரும் உக்காருத நேரத்துலயும் முழங்கால்லதான் நிப்பா. பூசை முடியுற வரைக்கும் பெஞ்சுல உக்கார மாட்டா. அம்புட்டு பக்தி. இப்படிப்பட்ட குடும்பம் டாக்டரேன்னு நான் சொல்லிட்டே போறேன், அந்தப் பிள்ளை எழுதிட்டு இருந்த பேனாவ வச்சிட்டாரு. எம்மவன் சொவத்துல சாஞ்சு நின்னுகிட்டு, மெல்லமா, அம்மா போதும்மான்னான்.

போதும்மான்னா என்ன அர்த்தம்? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? அடக்கமா நடந்தா வியாதியா? முழங்கால்ல நின்னா வியாதியா? டாக்டருக்கு வேதம் தெரியாது, மோனிக்கா பக்தி அவருக்கு எப்படித் தெரியும்.

பொறவுதான் அவரு, பிள்ளையள் உண்டான்னு ஜெசிந்தாகிட்ட கேட்டாரு. ஒரே பொண்ணு சார், பத்தாவது படிக்கா, வாலிபால் ஆடுவான்னு சொல்லிட்டு அவ அந்த ஸ்கேன் படத்தைத் திரும்பிப் பாத்தா. என்ன கேக்க வாராருன்னு அவளுக்குப் புரிஞ்சிட்டு. டாக்டரு சமாதானம்தான் சொன்னாரு. வரும்னு இல்லம்மா, குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா எல்லாருக்கும் வராது, காஞ்சிருந்தாலும் பாதிப் பேருக்கு வலியே தெரியாது, பிள்ளை ஆடட்டும், ஓடட்டும், முதுகுச் சதை பலமா இருக்கது நல்லதுதான், பயமுறுத்தாதீங்கன்னாரு. எம்மவனுக்கும் மாத்திரையும் பயிற்சியும் எழுதிக் குடுத்து, முக்காவாசிப் பேருக்கு ஆப்பரேசன் இல்லாமலே சரியாவும்னு சொன்னாரு. எல்லாம் நல்ல வார்த்தைதான். எனக்கு எதுவும் காதுல ஏறல.

ஏன்னா எம் பேத்தி ஷெரின் ஒரு மாசமா நின்னுகிட்டுத்தான் படிக்கா, மவளே. அரிசி டிரம்மு மேல புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு, ஒரு கால மாத்தி ஒரு காலுல. ஒரு நாளு அவ அம்மா, ஏளா உக்காந்து படியேன்னா. நாந்தான், விடுளா, எங்கண்ணன் கஸ்பாரு மாதிரி சுறுசுறுப்பு, எங்க வீட்டு ரத்தம்னு பெருமையாச் சொன்னேன். அதையும் டாக்டருகிட்டச் சொல்ல வாயத் தெறந்தேன். தெறந்த வாயி அப்படியே நின்னுட்டு. ஆயுசுல மொத மட்டம் நான் சொல்ல வந்ததைச் சொல்லாம முழுங்கினேன். இவுக ரெண்டு பேருக்கும் அது இன்னும் தோணல. ரெண்டு பேரும் காலம்பற எந்திரிச்சு வேலைக்கு ஓடுறவுக, பிள்ளை நின்னு படிக்காளா உக்காந்து படிக்காளான்னு பாத்துட்டே இருக்கவ நான் ஒருத்திதான். உங்கிட்டத்தான் சொல்லுதேன். நீ யாரோ. எறங்கிப் போயிருவ.

பிள்ளைக்குப் பரீச்சை. நின்னு படிச்சா தூக்கம் வராதுன்னு நிக்கா. அம்புட்டுதான் இருக்கும். என்ன, அப்படிப் பாக்க? அம்புட்டுதான் இருக்கும்.

நான் டாக்டருகிட்ட மெத்தையத் திரும்பத் தள்ளினேன். நல்லா அமுக்கிப் பாருங்க டாக்டரே, கட்டவெரலால அமுக்கினா எப்படித் தெரியும், கைய வச்சு அமுக்குங்க, உள்ள பழைய பஞ்சு கல்லா இறுகிப் போயிருக்குன்னேன். ஒரு திருநாளுக்கு இல்ல டாக்டரே, வருசா வருசம் ஒசத்திக்கிட்டே வந்திருக்கேன், ரெண்டு வெரக்கடை இல்ல, மூணு இருக்கும், நாலே இருக்கும்னேன். சில்வேஸ்டரே சொல்லுதான், அவனுக்கு வெயிட்டே தெரியலன்னு, அப்போ அது பூரா எம்மவன் இடுப்புல தானே எறங்கியிருக்கும்னு கேட்டேன். ஊரே ஒண்ணாச் சொல்லுது, ஊருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிட்டுன்னேன். அந்தப் பிள்ளை மறுபடியும் சிரிச்சிட்டு, பாட்டிம்மா, இப்பத்தானே இது காரணம் இல்லன்னு ரெண்டு மட்டம் சொல்ல வச்சீங்கன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, படிச்சுட்டு வந்து ஆளுக்கொண்ணு பேசுதீகன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். ஒரு டாக்டரு ஒரே ஒரு தடவை, ஆமா பாட்டி, நீங்க செஞ்சதுதான்னு சொல்லியிருந்தா அவருக்கு என்ன கொறஞ்சிரும்?

இனி நான் ஏன் இங்க வந்து உக்காந்திருக்கேன்னு கேளு.

பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிட்டு வந்தா ஜெசிந்தா. எனக்கும் ஒண்ணு. இத்தனை மாசத்துல அவ கையால நேரா எங்கையில குடுத்த மொத டீ அதுதான். எல்லாத்தையும் மேசையில டொக்குனு வச்சிட்டுப் போவா. இன்னைக்கு எங்கையப் பிடிச்சுக் குடுத்துட்டு, கண்ணத் தொடச்சிட்டுச் சொல்லுதா.

"உங்க மேல தப்பு இல்ல மாமி. நாந்தான் தெரியாம உங்களை நோவடிச்சிட்டேன். வீட்டுக்குப் போனதும் அந்த ஆணியப் பிடுங்கிருதேன்."

இந்த ஒரு சொல்லுக்காக எம்புட்டு நாளு காத்துக் கெடந்தேன். பூசையில அப்பம் வாங்கிட்டு வந்து இதைத்தான் கேப்பேன். சம்மனசே, இவ வாயால ஒரு மட்டம் சொல்ல வையின்னு. இன்னைக்குச் சொல்லுதா. இன்னைக்கு அது எனக்கு எதுக்கு? ஆணியப் பிடுங்காத, இன்னும் நாலு ஆணி அடிச்சு மாட்டுன்னேன். நான் செஞ்சதுதாண்டி, எம் மெத்தைதாண்டி, நல்லா யோசிச்சுப் பாருன்னேன். அவளுக்கு நான் என்ன சொல்லுதேன்னே புரியல. வயசாளி மனசு ஒடைஞ்சு பேசுதுன்னு நெனச்சிட்டு எம் முதுகத் தடவிக் குடுக்கா. இத்தனை மாசமா இல்ல இல்லன்னு கத்தினேன், ஒருத்தரும் நம்பல. இப்ப ஆமா ஆமாங்குதேன், அதையும் நம்பல. எனக்கு வாய்ச்ச குடும்பம் அப்படி. அதான் டீயக் கீழ ஊத்திட்டு இங்க வந்து உக்காந்துட்டேன்.

சண்டை போடத்தான் தெம்பு இருந்துச்சு மவளே எனக்கு. அவ தடவிக் குடுக்கது தாங்க முடியல.

இந்தா, உடைமரக் காடு வந்துட்டு, அடுத்த வளைவுதான் எங்க ஊரு விலக்கு. சீக்கிரம் சொல்லிருதேன். டாக்டரு சொன்னதை ஜெசிந்தா மறைக்க மாட்டா, அவ பொய் சொல்லத் தெரியாதவ. மாமி மேல தப்பில்ல, அது அவுக ரத்தத்துல வந்ததாம்னு எனக்குப் பரிஞ்சு பேசுறதா நெனச்சு குழாயடியில நின்னு சொல்லுவா. ஊரு அதைக் கேட்டா பொறவு என்ன ஆவும்? நாளைக்கு அந்தப் பிள்ளையப் பொண்ணு கேட்டு வாரவன், உக்காரச் சொல்லிப் பாப்பான். நின்னாலும் பாப்பான், நடந்தாலும் பாப்பான். தோளுக்கே கோடு போடுற ஊரு, முதுக விடுமா?

அதுனால இன்னைக்கு எறங்கினதும் நான் வீட்டுக்குப் போவப் போறதில்ல. நேரா குழாயடிக்குத்தான். அவ போறதுக்கு முந்தி நான் போயிரணும். நீங்க சொன்னது சரிதாண்டி, பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, எல்லாம் எம் மெத்தையாலதான்னு சத்தமாச் சொல்லப் போறேன். எப்படியும் பாதி ஊரு ஏற்கனவே நம்பிட்டு இருக்கு, அது ஒரு நல்லகாலம்.

நீ எந்த ஊருன்னு சொன்ன? அங்கயும் எங்க ஊருல பொண்ணு எடுத்தவுக உண்டு. யாராவது பனையந்துறைன்னு பேச்செடுத்தா நீயும் சொல்லணும். பஸ்ஸுல ஒரு கெழவியப் பாத்தேன், பிரகாசின்னு பேரு, மவன் மேல உள்ள பாசத்துல மெத்தைய அடைச்சு அடைச்சுத் தச்சு அவன் முதுகயே ஒடிச்சிட்டாளாம், மத்தபடி அந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் முதுகு இரும்பாம்னு சொல்லணும். பேரச் சொல்லு, ஊரச் சொல்லு, வெக்கப்படாதே.

சும்மா தலைய ஆட்டாத மவளே. வாயத் தெறந்து ஒரு மட்டம் சொல்லிக் காட்டு. நான் எறங்குறதுக்கு முந்தி கேட்டுக்கிடுதேன்.